கூட்டக் கூடாத முப்பத்திரண்டு

லாரி பதினொரு மணிக்கு வரும்.

அதற்குள் தனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும் என்றாள் கண்ணாடிச் சிற்பி. கணவன் செய்தானா, செய்யவில்லையா.

"செஞ்சிருந்தா?" என்று துப்பறிவாளர் கேட்டார்.

"டிரைவர் முன்னாடியே சொல்லிடுவேன். அவனோட சிலை லாரில ஏறாது. அவன் எங்க வீட்டுப் படி ஏற மாட்டான்."

துப்பறிவாளர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்மணி. அதிகம் பேசமாட்டார். பேசுகிற வேலையை உதவியாளனிடம் விட்டிருந்தார். அவன் எல்லா வாசலிலும் குனிகிறவன். நிமிர்ந்து நடந்தாலே கூரை சுத்தமாகிவிடும் என்று அவனுக்கு ஒட்டடை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பட்டறையின் நடுவில் சூளை. ஓர் ஆள் படுக்கலாம். மூடி திறந்திருந்தது. உள்ளே கை நீளத்தில் ஒரு கண்ணாடிப் படகு, நான்கு விரல் கனத்தில், கடல் பச்சையில். மூக்கிலிருந்து வால்வரை இரண்டாகப் பிளந்திருந்தது. பிளந்த இடம் மட்டும் ஈரம்போல் மின்னியது.

"படகு மூழ்கிப் பார்த்திருக்கேன் மேடம்," என்றான் ஒட்டடை. "வெந்து செத்ததை இப்பதான் பார்க்கறேன்."

"வேகும்போது உடையல," என்றாள் மனைவி. "ஆறும்போது உடைஞ்சிருக்கு. கண்ணாடியை ரொம்ப மெதுவா ஆறவிடணும். அவசரப்பட்டா வெளிப்பக்கம் சுருங்கிடும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும்."

"கல்யாணம் மாதிரி."

அவள் சிரிக்கவில்லை.

கதை சின்னது. பெரிய நகரத்துக் கண்காட்சிக்கு இந்தப் பட்டறையிலிருந்து ஒரு சிலைதான் போகலாம். தேர்வானது மனைவியின் படகு. அடுத்த இடத்தில் கணவனின் சிலை. படகு போகவில்லை என்றால் அது போகும். மனைவியின் சூளை சிறியது, படகு அதில் நுழையவில்லை. அதனால் கணவனின் சூளையில் வைக்க வேண்டியதாயிற்று. மூடப்போகிற ஒரு கப்பல்விளக்குத் தொழிற்சாலையிலிருந்து அவன் வாங்கிவந்த வெளிநாட்டுச் சூளை அது. ஃபாரன்ஹீட் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது.

"எண்களை நான் சாக்பீஸ்ல எழுதி வச்சேன். அவன் அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாத்திப் போட்டான். அந்த எந்திரத்தை நான் தொடறதே இல்ல. எனக்கு செல்சியஸ்தான்."

சூளையின் பக்கத்துச் சுவரில் அவள் எழுத்து இருந்தது. 515-ல் நிறுத்து. மணிக்கு 10 குறை. 430-ல் மணி அடிக்கும், அப்புறம் தானாக ஆறட்டும்.

எந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் கடைசியாகப் போட்ட எண்களைக் காட்டியது. 959. 50. 806.

"சரிபாரு," என்றார் துப்பறிவாளர்.

ஒட்டடை ஃபோனை எடுத்தான். செல்சியஸ் பெட்டியில் 515 என்று தட்டினான். ஃபாரன்ஹீட் பெட்டியில் 959 வந்தது. 430-க்கு 806. 10-க்கு 50.

"மூணும் கரெக்ட் மேடம். புருஷன் யோக்கியன். வீட்டுக்குப் போலாமா?"

"எண் சரிதான், எனக்கே தெரியும்," என்றாள் மனைவி. "அதுல அவன் மாட்டிக்க மாட்டான். மூடியைத் தூக்கிக் காத்து விட்டிருப்பான். இல்ல கரண்டைப் பிடுங்கியிருப்பான். அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும்."

துப்பறிவாளர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஃபோனைப் பார்த்தார்.

"முந்தையவன் இருந்தா..." என்று தொடங்கி நிறுத்தினார்.

ஒட்டடையின் முகம் சுருங்கியது. அவனுக்கு முன் அவரிடம் இருந்தவன் இப்போது இன்ஸ்பெக்டர். குடைகூட அவன் கொடுத்ததுதான்.

"இருந்தா என்ன மேடம்? எனக்குத் தெரியாத பெருக்கல் வாய்ப்பாடு அவருக்குத் தெரியுமா?"

"இருந்தா உன்னை மாதிரியே ஐம்பதுன்னுதான் சொல்லியிருப்பான். வா."

ஒட்டடைக்கு அது பாராட்டா திட்டா என்று பிடிபடவில்லை.

கணவன் பட்டறையின் மறுகோடியில் மேசை முன் நின்று எதையோ உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. பக்கத்துத் தூணில் ஒரு செய்தித்தாள் துண்டு. படத்தில் மனைவி ஒரு கோப்பையுடன், அவள் தோளுக்குப் பின்னால் இவன். கீழே: சிற்பியும் அவருடைய உதவியாளரும்.

"இதை யாரு ஒட்டினா?" என்றான் ஒட்டடை.

"நான்தான்."

"உதவியாளர்னா அவ்வளவு கேவலமா சார்? எனக்கும் அதான் உத்தியோகம்."

"நீங்க அவங்களைக் கல்யாணம் பண்ணிக்கலையே."

துப்பறிவாளர் கேட்டார். "உங்களுக்கு அவங்க மேல பொறாமையா?"

உப்புத்தாள் நின்றது.

"ஆமா. காலேஜ்ல அவ முதல், நான் ரெண்டாவது. கல்யாணத்துல வந்த பரிசுகூட அவ பக்கம்தான் ஜாஸ்தி. யாராவது என் சிலையைத் தூக்கிப் பார்த்து, 'அட, இதுவும் அவங்க செஞ்சதா?'ன்னு கேப்பாங்க. அது பாராட்டுன்னு நெனச்சுக் கேப்பாங்க." மறுபடி தேய்த்தான். "பொறாமைப்பட்டவன் எல்லாம் உடைக்க ஆரம்பிச்சா ஊர்ல ஒரு டம்ளர் மிஞ்சாது."

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எண்ணைப் போட்டேன். சூளை ஆற ஆரம்பிச்சுது. உடனே ஆணி வாங்கக் கடைக்குப் போனேன். ரெண்டு மணிக்குத் திரும்பி வந்தேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயேதான் இருந்தேன்."

"மணி எப்ப அடிச்சுது?"

"எட்டு, எட்டரைக்கு அடிச்சிருக்கும். நான் கவனிக்கல."

ஆணி எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மேசைக்குக் கீழே ஒரு புதுப் பெட்டி. பலகை இன்னும் மர வாசனை அடித்தது.

"ஆஹா," என்றான் ஒட்டடை. "அவங்க சிலை உடையறதுக்கு முன்னாடியே உங்க சிலை மூட்டை கட்டியாச்சு."

மூடியை நெம்பினான். உள்ளே சிலை இல்லை. பெட்டி நிறைய வெள்ளை நுரைப்பஞ்சு. நடுவில் கத்தியால் செதுக்கிய ஒரு பள்ளம். கூர் மூக்கு, அகன்ற வயிறு, குறுகிய வால்.

படகு.

ஒட்டடை மூடியை மெதுவாக வைத்தான். அதற்கு மேல் அவன் ஜோக் அடிக்கவில்லை. வெளியே வந்ததும் சொன்னான்.

"பொண்டாட்டி படகுக்கு இவ்வளவு அழகா மெத்தை செஞ்சவன் அதை உடைப்பானா மேடம்?"

"மாடிக்குப் போவோம்."

பட்டறைக்கு மேலே ஒரு தையல்காரி வாடகைக்கு இருந்தாள். வாயில் ஊசி. ஊசியை எடுக்காமலே பேசத் தெரிந்தவள்.

"சண்டையெல்லாம் கேட்டதில்லம்மா. சண்டை போட்டாத் தேவலை. பேசவே மாட்டாங்க. இது வேலை செஞ்சா அது வந்து பார்க்கும். அது வேலை செஞ்சா இது வந்து பார்க்கும்."

"நேத்து சூளை மணி அடிச்சுது கேட்டுச்சா?"

"கேட்காம? காலிங் பெல்லுன்னு நெனச்சுக் கதவைத் திறந்தேன், ஒருத்தரும் இல்ல. மூணு மணி. ஜாக்கெட் வாங்க மூணு மணிக்கு ஒரு பொண்ணு வரேன்னு சொல்லியிருந்துச்சு, அதான் ஓடினேன்."

"ராத்திரி எட்டரைக்கு?"

"அப்ப ஒண்ணும் அடிக்கல. அது ஒரு தடவைதான் அடிக்கும். கீழ ஆணி அடிச்சுக்கிட்டிருந்தாங்க. மணி கேட்டதும் அந்தச் சத்தம் நின்னுது. அப்பாடா, தலைவலி விட்டுதுன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல மறுபடி ஆரம்பிச்சுட்டாரு." ஒட்டடையை அண்ணாந்து பார்த்தாள். "தம்பி, உனக்குச் சட்டை தைக்கக் கூலி ரெண்டு மடங்கு."

துப்பறிவாளர் விரல் விட்டு எண்ணினார். "ஐந்நூத்திப் பதினஞ்சுலேர்ந்து நானூத்தி முப்பது. எண்பத்தஞ்சு டிகிரி இறங்கணும். மணிக்குப் பத்துன்னா எட்டரை மணி நேரம். பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சுது, மூணு மணிக்கே முடிஞ்சிருக்கு."

"எண் சரியாத்தானே இருந்துது?"

"அந்த ஸ்டூல் மேல ஏறு."

"எதுக்கு மேடம்?"

"ஏறு."

ஏறினான். தலை விட்டத்தில் இடித்தது. துப்பறிவாளர் தையல்காரியின் டேப்பை வாங்கினார்.

"இதுல ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். ஒண்ணை இன்னொண்ணா மாத்தப் பெருக்கினாப் போதும். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் அப்படித்தான். செல்சியஸ்காரங்க ஒரு டிகிரி, ஃபாரன்ஹீட்காரங்களுக்கு ஒண்ணு புள்ளி எட்டு. ஆனா அங்க இன்னொரு வம்பு இருக்கு. தண்ணி உறையற இடத்தை இவங்க பூஜ்யம்ங்கறாங்க, அவங்க முப்பத்திரண்டுங்கறாங்க. அவங்க நிக்கறதே ஒரு ஸ்டூல் மேல. அதனாலதான் பெருக்கினப்புறம் முப்பத்திரண்டு கூட்டறோம். உன் தலை எவ்வளவு உயரத்துல இருக்குன்னு கேட்டா ஸ்டூலையும் சேர்த்துச் சொல்லணும். சரியா?"

"சரி. இறங்கவா?"

"போன வருஷமும் இதே ஸ்டூல்ல நின்னே, இந்த வருஷமும் நிக்கறே. எவ்வளவு வளர்ந்திருக்கேன்னு கேட்டா?"

"ரெண்டு அங்குலம்னா ரெண்டு அங்குலம். அதுல ஸ்டூல் எங்க வந்துது? ரெண்டு தடவையும் அதே..." ஒட்டடை வாயைத் திறந்தபடி நின்றான். "ஐயோ."

"சூளை பத்து டிகிரியில நிக்கலை. மணிக்குப் பத்து டிகிரி இறங்குது. இறக்கத்துக்கு ஸ்டூல் கிடையாது."

"அப்ப வெறும் பெருக்கல்தான். பதினெட்டு. நான் ஸ்டூலையும் சேர்த்து ஐம்பதுன்னு..." அவன் ஃபோனை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "இது ஏன் சொல்லல?"

"நீ கேட்டது ஒண்ணு, உனக்கு வேண்டியது ஒண்ணு. அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஏறினது சரி, இறங்குப்பா, அது மூணு கால் ஸ்டூலு," என்றாள் தையல்காரி.

கீழே வரும்போது படியிலேயே ஒட்டடை தீர்ப்பை எழுதிவிட்டான். "அப்ப புருஷன்தான். தப்பா மாத்திப் போட்டுட்டான். பாவம், வேணும்னு இல்ல. தெரியாம."

துப்பறிவாளர் நேராகக் கணவனிடம் போனார். மனைவியும் எழுந்து வந்தாள்.

"மணிக்குப் பத்து செல்சியஸ் குறையணும். உங்க சூளைல எத்தனை போடுவீங்க?"

"பதினெட்டு." தலை நிமிரவில்லை, தாமதிக்கவில்லை. ஒன்பது வருடமாக அந்தச் சூளையோடு வாழ்கிறவன்.

"நேத்தும் அதான் போட்டீங்க?"

"அதான் போட்டேன்."

"பொய்," என்றாள் மனைவி. "எந்திரத்துல ஐம்பதுன்னு இருக்கு. நீங்களே பார்த்தீங்க."

"பார்த்தோம்," என்றார் துப்பறிவாளர். "படகை உடைக்கணும்னா இருநூறுன்னு போடலாம், முந்நூறுன்னு போடலாம். ஐம்பதுன்னு போட்டவங்களுக்கு உடைக்கற எண்ணம் இல்ல. பத்தை ஒழுங்கா மாத்தறதா நெனச்சு, ஃபோன்ல தட்டி, முப்பத்திரண்டையும் சேர்த்துக்கிட்டுப் போட்டிருக்காங்க. அது இந்தச் சூளையோட பழகினவங்க செய்யற தப்பு இல்ல." மனைவி பக்கம் திரும்பினார். "எந்திரத்தைத் தொடறதே இல்லன்னீங்க. எண் சரிதான், எனக்கே தெரியும்னும் சொன்னீங்க. எப்படிம்மா தெரியும்?"

தெருவில் ஒரு லாரி பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது.

மனைவி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலை முந்தானையைச் சுருட்டினாள்.

"அவன் ஆணி வாங்கக் கிளம்பினதுமே வந்தேன். பார்க்கத்தான் வந்தேன். சத்தியமா. ஒவ்வொண்ணா ஃபோன்ல போட்டேன். ரெண்டு எண் சரியா இருந்துது. நடுவுல மட்டும் பதினெட்டு. பத்தைப் போட்டா ஐம்பதுன்னு வருது, இவன் பதினெட்டுன்னு வச்சிருக்கான். சரி, பதினெட்டுன்னா என்னன்னு திருப்பிப் போட்டேன். மைனஸ் ஏழு புள்ளி எட்டுன்னு காட்டுது."

"மைனஸா?" என்றான் ஒட்டடை.

"மைனஸ்! கொதிக்கற சூளைக்குள்ள மைனஸ் எதுக்கு? வேணும்னே ஏதோ கோளாறா வச்சிருக்கான்னு தோணுச்சு. மெதுவா ஆற வச்சு, லாரியைத் தவறவிட்டு, அவன் சிலையை ஏத்தப் பார்க்கறான்னு... பிடிச்சுட்டேன்னு சந்தோஷமாக்கூட இருந்துது. ஐம்பதுன்னு மாத்தினேன்."

"அப்புறம் எதுக்கும்மா எங்களைக் கூப்பிட்டீங்க?"

"ஒரு சூழ்ச்சியை நான் முறியடிச்சுட்டேன். அப்படியும் உடைஞ்சுதுன்னா ரெண்டாவதா ஒண்ணு வச்சிருந்திருக்கான்னு நெனச்சேன்."

ஒட்டடை குனிந்து மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தான். மூடியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். அவள் பார்த்தாள். பள்ளத்தின் ஓரத்தை விரலால் தடவினாள். படகின் மூக்கு லேசாக இடப்பக்கம் வளைந்திருக்கும். பஞ்சிலும் அந்த வளைவு இருந்தது.

"எனக்கா செஞ்சே?" என்றாள்.

கணவன் தலையசைத்தான்.

அவள் கண் நிறைந்தது. "நான் ஒரு கேடுகெட்டவ. உன்னைப் போய்..." அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

ஒட்டடை மூக்கை உறிஞ்சினான். "கிளம்பலாம் மேடம். இதுக்கு மேல இருந்தா நான் அழுதுடுவேன்."

"இன்னும் முடியல," என்றார் துப்பறிவாளர்.

அவர் கணவனுக்கு எதிரே வந்து நின்றார்.

"காலையில படகு உடைஞ்சது தெரிஞ்சுது. உங்க சூளை. உங்க மேல பழி. வேற யாரா இருந்தாலும் முதல்ல ஓடிப்போய் எந்திரத்துல என்ன எண் இருக்குன்னு பார்ப்பாங்க. நாங்க வந்ததுலேர்ந்து நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. ஏன்?"

கணவன் உப்புத்தாளின் மூலையை மடித்தான்.

"ஏன்னா அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். மணி எட்டரைக்கு அடிச்சிருக்கும்னு சொன்னீங்க. மாடி வரைக்கும் கேக்கற மணி மூணு மணிக்கு அடிச்சுது. நீங்க இங்கதான் ஆணி அடிச்சுக்கிட்டிருந்தீங்க. சுத்தியல் நின்னுது. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அடிச்சீங்க. அந்தக் கொஞ்ச நேரம் எங்க இருந்தீங்க?"

மனைவியின் கை மெல்ல விலகியது.

கணவன் உப்புத்தாளை மேசையில் வைத்தான். அதன் மூலை மடிந்திருந்தது. அதை நிமிர்த்தினான்.

"சூளைகிட்ட," என்றான். "அஞ்சரை மணி நேரம் முன்னாடி மணி அடிச்சா யாரும் போய்ப் பார்ப்பாங்க. ஐம்பதுன்னு இருந்துது. நான் போட்டது பதினெட்டு. எப்படி ஐம்பது வந்துதுன்னு பார்த்ததுமே புரிஞ்சுது. யாரு போட்டிருப்பான்னும் புரிஞ்சுது."

"அப்ப படகு உடைஞ்சிருந்துதா?"

"தெரியல. அனேகமா இல்ல. நானூத்தி முப்பதுல அவ்வளவு சீக்கிரம் உடையாது. இழுப்பு உள்ளே ஏறியிருக்கும், அவ்வளவுதான்."

"மறுபடி சூடு ஏத்தியிருந்தா?"

"ஐந்நூத்திப் பதினஞ்சுக்கு ஏத்தி, இழுப்பு போனப்புறம் மறுபடி மெதுவா இறக்கியிருந்தா பிழைச்சிருக்கும். லாரியைக் கொஞ்சம் காக்க வச்சிருக்கணும்."

"ஏன் செய்யல சார்?" இதை ஒட்டடை கேட்டான். குரலில் விளையாட்டு இல்லை.

கணவன் தூணைப் பார்த்தான். செய்தித்தாளில் தன் முகத்தை, மனைவியின் தோளுக்குப் பின்னால்.

"அவ ஒரு தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்ல. அதுதான் முதல் தடவை. எந்திரத்துல பளிச்சுனு தெரிஞ்சுது. அதை அழிக்க எனக்கு மனசு வரல."

"அப்புறமும் பெட்டிக்கு ஆணி அடிச்சீங்களே."

"உடையாமலும் போகலாமே. போனா பெட்டி வேணுமே."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். துப்பறிவாளர் குடையை எடுக்கக் கை நீட்டினார். எடுக்காமல் நின்றார்.

மனைவி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை நின்றுவிட்டிருந்தது. அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது, கடைக்குப் போனாயா என்று கேட்பதுபோல.

"நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தே. என் தலையைத் தடவி, 'நாளைக்கு உன்னோட நாள், நிம்மதியாத் தூங்கு'ன்னு சொன்னே. அதைச் சொல்லும்போது உனக்குத் தெரியும், இல்ல?"